இருபது வருஷ ஒயினும் மூணு வருஷ விசாவும்

போன மாசம் எங்கள் டீமில் ஒரு பெரியவர் ஓய்வு பெற்றார். அமெரிக்கர். வழியனுப்பு விருந்துக்கு அவரே ஒரு பாட்டில் கொண்டுவந்தார். ரிட்ஜ் மான்டே பெல்லோ, 1995. மகள் பிறந்த வருஷத்து ஒயினாம். வாங்கி, வீட்டு நிலவறையில் படுக்கப் போட்டவர் அன்றைக்குத்தான் திறந்தார்.

குடிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைக்காதீங்க. எனக்கு வருஷத்துக்கு நாலு கிளாஸ் போனால் அதிகம். ஆனால் இந்த ஒயின் விளைகிற மலை, நாங்கள் கோட் எழுதுகிற கூபர்டினோவுக்கு நேர் மேலே இருக்கிறது. 1959இல் அங்கே நிலம் வாங்கியவர்களும் நம்ம மாதிரி ஆட்கள்தான். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகள் நாலு பேர். வார இறுதியில் மலையேறி பழைய திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

கேபர்னே சாவின்யோன் திராட்சை சின்னது, தோல் தடிப்பு. தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின்தான் இந்த ஒயினைப் பல வருஷம் தாங்கி நிறுத்துவது. சுவைத்து எழுதுகிற வெள்ளைக்காரர்கள் அதை விளக்கப் பத்து வரி எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அறுசுவையிலேயே வார்த்தை இருக்கிறது: துவர்ப்பு. அதே மலையின் புது ஒயினை ஒருமுறை அங்கேயே குடித்துப் பார்த்தேன். கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. இதுக்கா 200 டாலருக்கு மேலன்னு தோணுச்சு.

பெரியவர் ஊற்றியது வேறு. கருஊதா போய் ஓரமெல்லாம் செங்கல் நிறம். துவர்ப்பு இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை, காய்ந்த புகையிலை, கடைசியில் நாவல்பழம். டானின்கள் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஒரு பகுதி கசடாக அடியில் தங்கிவிடுகிறது. அதனால்தான் பாட்டிலை ஆட்டாமல், கசடு கலங்காமல் ஊற்றினார்.

1976இல் பாரிஸில் நடந்த புகழ்பெற்ற போட்டியில் இந்த மலையின் 1971 ஒயினுக்கு ஐந்தாவது இடம். கலிபோர்னியா ஒயின் இளசில் மினுக்கும், வயசானால் படுத்துவிடும் என்றார்கள். முப்பது வருஷம் கழித்து, 2006இல், அதே ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் மறுபடி சுவைத்தார்கள். முதலிடம் அந்த 1971க்கு!

எனக்குப் பொறாமை ஒயின் மேல் இல்லை. இருபது வருஷம் கழித்தும் இதே வீட்டில் இருப்போம் என்ற நம்பிக்கையில் ஒருவர் பாட்டிலை வாங்கி வைத்தாரே, அதன் மேல்தான். என்னிடம் இருப்பது எச்1பி. மூணு வருஷத்துக்கு ஒருதரம் நீட்டிப்பு. கிரீன் கார்டுக்கு 2017இல் வரிசையில் நின்றேன். எந்த ஒரு நாட்டுக்கும் வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால், இந்தியர் வரிசை நகர்வதே தெரியவில்லை. வேலை போனால் அறுபது நாள்.

நீயும் காத்திருக்கிறாய், பக்குவப்படுவாய் என்கிறார்கள் நண்பர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒயின் இருட்டில், ஒரே இடத்தில், அசையாமல் கிடந்து பக்குவப்படுகிறது. எங்களை மூணு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து ஆட்டிப் பார்த்து மறுபடி வைக்கிறார்கள். அதனால்தான் பத்து வருஷமாகியும் கொல்லையில் ஒரு எலுமிச்சைக் கன்று வைக்க யோசிக்கிறோம். உழைப்பு நீண்ட காலத்துக்கு வேண்டும், ஆள் மட்டும் தவணை முறையில் போதும் என்று ஒரு நாடு நடத்துவது நியாயமில்லை. இதை நாங்களே உரக்கச் சொல்வதில்லை என்பது இன்னொரு வருத்தம்.

அடுத்த சனிக்கிழமை மலையேறி, என் மகன் பிறந்த வருஷத்து பாட்டில் ஒன்று வாங்கிவிட்டேன். அலமாரி அடித்தட்டில், குக்கர் பெட்டிக்குப் பின்னால் படுத்திருக்கிறது. "ஊருக்குக் கிளம்பச் சொல்லிட்டா இதை என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி. ரெண்டு லிட்டர் வரைக்கும் வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்றேன். ஆனால் அதுக்கு 13 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அம்பத்தூர் வீட்டில், மே மாசத்தில், எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.