மின்கார் வாங்கத் தயங்குபவரின் கணக்கு சரியானதே

2022 அக்டோபர் 10 அன்று டாடா நிறுவனம் தன் டியாகோ மின்காருக்கு முன்பதிவைத் திறந்தது. முன்பணம் 21,000 ரூபாய். காரின் தொடக்க விலை 8.49 லட்சம். ஒரே நாளில் 10,000 பேர் பணம் கட்டினார்கள். அறிமுக விலையை இன்னொரு 10,000 பேருக்கு நீட்டித்தது நிறுவனம். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் ஒரு மின்கார் வராதா என்று நாடு எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

அந்த ஆர்வம் வெள்ளமாகப் பெருகவில்லை. 2024இல் இந்தியாவில் 40 லட்சத்துக்கும் மேல் கார்கள் விற்றன. அவற்றில் மின்கார்கள் ஒரு லட்சத்தை ஒட்டியவை மட்டுமே. இதற்கிடையே 7.98 லட்சத்துக்கு எம்ஜி காமெட் வந்தது, 10.99 லட்சத்துக்குப் பஞ்ச் மின்கார் வந்தது, டியாகோவின் விலையும் 7.99 லட்சத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு முறையும் ஷோரூமில் கூட்டம் கூடுகிறது. வந்தவர்கள் காரைச் சுற்றிப் பார்க்கிறார்கள், ஓட்டிப் பார்க்கிறார்கள், சத்தமே இல்லாமல் ஓடுகிறதே என்று வியக்கிறார்கள். பிறகு சில கேள்விகளைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஒரு சார்ஜில் உண்மையில் எவ்வளவு ஓடும்? பேட்டரி போனால் என்ன செலவாகும்? ஐந்து வருஷம் கழித்து விற்றால் யார் வாங்குவார்கள்? எங்கள் அபார்ட்மென்ட்டில் சார்ஜ் போட விடுவார்களா?

இந்தக் கேள்விகளுக்கு வாகனத் துறையிலும் அரசு வட்டாரங்களிலும் சூட்டப்படும் பெயர் மனத்தடை. மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை, புதியதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று விளக்கம் சொல்லப்படுகிறது. இந்த விளக்கம் தவறு. தவறான விளக்கத்தை நம்பினால் தீர்வும் தவறாகவே அமையும், விளம்பரத்துக்குக் கொட்டும் பணம் வீணாகும்.

இதே மக்கள்தான் 2024இல் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் ஸ்கூட்டர்களையும் பைக்குகளையும் வாங்கினார்கள். அந்த ஆண்டு விற்ற மூன்று சக்கர வாகனங்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் புதியதைக் கண்டு அஞ்சவில்லை. அன்றாடம் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார், மாறினார். அரசு மானியம் அதற்குத் துணை நின்றது என்பது உண்மை. ஆனால் மானியம் மட்டுமே காரணமல்ல. நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு மின்சாரம் லாபம், வீட்டில் இருக்கும் சாதாரண பிளக்கிலேயே ஸ்கூட்டரைச் சார்ஜ் செய்ய முடிகிறது, தொகையும் சிறியது. கணக்கு சரியாக வந்த இடத்தில் மக்கள் தயங்கவே இல்லை.

காரில் அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாற்றப்பட்டபோது சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. பெட்ரோல் டியாகோவின் தொடக்க விலை 4.57 லட்சத்துக்கு வந்தது. மின்காருக்கு முன்பிருந்த அதே 5 விழுக்காடுதான். ஆகவே இரண்டுக்கும் இடைவெளி கூடியது. தமிழ்நாடு தந்த சாலை வரி விலக்கைச் சேர்த்துக்கொண்டாலும் மின்காருக்கு 3 லட்சம் ரூபாயை ஒட்டி அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் 18 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்தால் ஒரு ரூபாய் சொச்சம். மிச்சம் நாலரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அந்த 3 லட்சத்தைத் திரும்ப எடுக்க 68,000 கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும்.

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் கார்க்காரர் இரண்டு ஆண்டுக்குள் அதை எடுத்துவிடுவார். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டி மாதம் 1,000 கிலோமீட்டர் தொடுபவருக்கு ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். வாரக் கடைசியில் கோயிலுக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் எடுத்து மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகும். மின்காரில் கியர் மாற்றும் வேலை இல்லை, கிளட்ச் தேய்வதில்லை, எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை. இவற்றையும் சேர்த்தால் காலம் கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் ‘எட்டும் விலை மின்கார்’ யாரைக் குறிவைத்து வருகிறதோ, அந்த முதல் கார் குடும்பம்தான் மிகக் குறைவாக ஓட்டுகிறது. அவர்கள் தயங்கினால் அது அறியாமை ஆகாது.

விலையைக் குறைத்துக் காட்ட நிறுவனங்கள் கண்ட வழி, பேட்டரியைத் தனியாகப் பிரித்து வாடகைக்கு விடுவது. 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் 9.99 லட்சம் என்ற விலையோடு வந்தது. பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் தனி. பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். காமெட்டும் அதே முறையில் 4.99 லட்சத்துக்கு இறங்கியது. இந்தத் திட்டத்தில் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடியதாகவே குறைந்தபட்சக் கணக்கு வைக்கப்பட்டது. வின்ட்சருக்கு அது மாதம் 5,250 ரூபாய். கார் வீட்டில் நின்றாலும் இந்தத் தொகை கட்டியாக வேண்டும். இதைப் பேட்டரிக்கு வாங்கிய கடனின் தவணை என்று சொல்வதே நேர்மை. 3.50 ரூபாயோடு சார்ஜ் செலவையும் கூட்டிப் பாருங்கள், பெட்ரோல் செலவை நெருங்கிவிடுகிறது. முதலில் கட்டும் பணம் குறைவதால் சிலருக்கு இது உதவக்கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் 4.99 லட்சம் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு மற்றதை நிபந்தனைக் குறிப்பில் வைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. ஐந்து ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.

ரேஞ்ச் விஷயமும் இப்படித்தான். நெக்ஸான் மின்காரின் 45 யூனிட் பேட்டரி, சோதனைக்கூட அளவீட்டில் 489 கிலோமீட்டர் ஓடும். அதே கார் நிஜச் சாலையில் 350 முதல் 370 கிலோமீட்டர் ஓடும் என்று டாடா நிறுவனமே அறிவித்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். இரண்டாவது எண்ணைத் தானே முன்வந்து சொன்னதற்காக அந்த நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் மற்றவர்களுக்கு இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறவருக்கு வழியில் எங்கே நிறுத்தி எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைத் தீர்மானிக்க அந்த இரண்டாவது எண்தான் வேண்டும். சித்திரை வெயிலில் ஏசி ஓட, நான்கு பேர் உட்கார, பின்னால் பெட்டிகள் இருக்க எவ்வளவு ஓடும் என்பதே அவருடைய கேள்வி.

அடுத்தது சார்ஜ் போடும் இடம். சொந்த வீடும் சொந்த நிறுத்துமிடமும் உள்ளவருக்கே மின்கார் சுகம். அவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடுக்கு முறையில் கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டணச் சலுகையில் ஒரு பகுதி போய்விடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்ட சுமார் 140 யூனிட் தேவை. இரு மாதங்களுக்கு 300 யூனிட் செலவழித்த குடும்பம் கார் வந்ததும் 580க்குப் போகிறது. ஓட்டும் செலவு அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் மின்கட்டணச் சீட்டைப் பார்த்துத் திகைப்பவரிடம் இதை முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அடுக்குமாடியில் குடியிருப்பவர் நிலை இன்னும் கடினம். வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே வண்டியைச் சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் கீழ்த்தளத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைக்கக் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். தீப்பிடித்தால் யார் பொறுப்பு, மின்சுமை தாங்குமா, பொது மீட்டரில் யார் கணக்கு என்று கேள்விகள் எழும். கூட்டம் முடிவின்றிக் கலையும். வாடகைக்கு இருப்பவர் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. வழிகாட்டுதல் என்ற அளவில் இருக்கும்வரை இது தீராது. தகுந்த பாதுகாப்போடு தன் செலவில் சார்ஜர் வைக்க விரும்புபவரைச் சங்கம் தடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்ல வேண்டும்.

தீயைப் பற்றிய அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சடைத்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு பல ஊர்களில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. மக்கள் கொதித்தார்கள், கேள்வி கேட்டார்கள். அதன் பிறகே பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. கார்களுக்கான விதியும் திருத்தப்பட்டது. இன்று சந்தையில் உள்ள வண்டிகள் அன்றைக்கு இருந்ததைவிடக் கடுமையான சோதனைகளைத் தாண்டி வருகின்றன என்றால், அதற்குக் காரணம் அந்த அச்சமும் கோபமும்தான். விழிப்புணர்வு முகாம் நடத்தி அந்த அச்சத்தைக் கலைத்திருந்தால் விதிகள் அப்படியே இருந்திருக்கும்.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி, பழைய காரின் மதிப்பு. இந்தியாவில் எளிய குடும்பத்துக்குக் கார் வந்து சேர்வது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் சந்தை வழியாகவே. பெட்ரோல் காரை மெக்கானிக் திறந்து பார்த்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, ஒரு விலை சொல்லிவிடுவார். மின்காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரி. அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தெரியாத பொருளுக்கு வாங்குபவர் பயந்துதான் விலை சொல்வார். நிறுவனங்களுக்கும் இது தெரியும். மூன்று ஆண்டு கழித்து 60 விழுக்காடு விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று வின்ட்சருக்கு உறுதி தரப்பட்டது இந்தப் பயத்தைத் தணிக்கத்தான். முதல் உரிமையாளருக்குப் பேட்டரிக்கு ஆயுள் உத்தரவாதம் என்கிறார்கள். கார் கை மாறியதும் அது எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்குகிறது. உத்தரவாதம் மிகவும் தேவைப்படும் இரண்டாவது குடும்பத்துக்கே அது குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்வாகனப் பேட்டரிக்கும் அதன் விவரங்கள் அடங்கிய மின்னணுக் கடவுச்சீட்டு கட்டாயமாகிறது. இங்கும் அதுபோன்ற ஏற்பாடு வேண்டும்.

மக்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனாவின் லியூஜோ நகரம் சான்று. வூலிங் கார்கள் தயாராகும் ஊர் அது. இங்கே விற்கும் காமெட்டும் வின்ட்சரும் அந்த நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து வந்தவை. 2017ஐ ஒட்டி அங்கே ஒரு சின்ன மின்காரைப் பொதுமக்களிடம் இலவசமாகக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். என்ன குறை என்று கேட்டார்கள், கேட்டதை வைத்துக் காரைத் திருத்தினார்கள். நகராட்சி சின்னக் கார்களுக்கென்று நிறுத்துமிடங்களை ஒதுக்கி, அங்கேயே சார்ஜ் செய்ய பிளக் பாயின்ட்டுகளும் அமைத்தது. சில ஆண்டுகளில் அந்நகரில் விற்ற கார்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் மின்கார் ஆனது.

தமிழ்நாடு மின்வாகன உற்பத்தியில் பின்தங்கிய மாநிலம் அல்ல. ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலாவும் ஸ்கூட்டர் செய்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் மின் க்ரெட்டாவைத் தயாரிக்கிறது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. ஹூண்டாய், வின்ஃபாஸ்ட் ஆலைகளிலிருந்து வந்த மின்கார்களின் தொடக்க விலை 16 லட்சத்துக்கு மேல். அவற்றைச் செய்யும் தொழிலாளி வாங்கும் விலையில் இல்லை.

மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம் 10,900 கோடி ரூபாயில் ஸ்கூட்டருக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் பேருந்துக்கும் உதவத் தொடங்கப்பட்டது; சொந்தக் காருக்கு அதில் மானியம் இல்லை. அது சரியான முடிவே. பொதுப் பணம் முதலில் பேருந்துக்குத்தான் போக வேண்டும். கார் வாங்குபவர் கேட்பது மானியத்தைவிட எளியது, பெரும்பாலும் செலவில்லாதது. நிஜ ரேஞ்சைக் காரின் கண்ணாடியிலேயே ஒட்டும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். பேட்டரி வாடகையின் ஐந்தாண்டு மொத்தத்தை விளம்பரத்திலேயே அச்சிடச் சொல்லலாம். அடுக்குமாடிகளில் சார்ஜர் வைக்கும் உரிமையைச் சட்டமாக்குவதும், வீட்டில் வண்டிக்கென்று தனி மீட்டரைத் தாமதமின்றித் தந்து அதற்கு அடுக்கில்லாத ஒரே கட்டணம் வைப்பதும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மின்காரின் பெயர் மாற்றத்துக்கு வருபவர், பேட்டரியில் எத்தனை விழுக்காடு திறன் மிச்சம் இருக்கிறது என்ற சான்றையும் இணைக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு கொண்டுவர வேண்டும். அந்தச் சான்றை அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டறையும் சிறு கட்டணத்தில் தரும் வசதியை அதற்கு முன்பே மாவட்டந்தோறும் ஏற்படுத்த வேண்டும்.