மேகத்துக்குள் தடுமாறிய விமானி

பல்லடம் வழியாகக் கோவைக்குச் செல்கையில் சூலூர் விமானப் படைத் தளத்தைக் கடக்கும்போது எனக்கு 2021 டிசம்பர் 8 நினைவுக்கு வரும். முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்பட 14 பேருடன் அங்கிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர், வெலிங்டனில் தரையிறங்கச் சில நிமிஷங்களே இருந்த நிலையில் குன்னூர் அருகே விழுந்தது. எவரும் மிஞ்சவில்லை.

வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் புகுந்த விமானி நிலையுணர்வு தடுமாறியதே காரணம், கவனக்குறைவு அல்ல என்றது முப்படை விசாரணை. 2024 நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையிலோ அது 'மனிதத் தவறு' எனப் பதிவாகியிருக்கிறது. அச்சொல் எனக்கு உறுத்துகிறது.

அடிவானம் மறைந்தால் உட்செவி பொய் சொல்லும். சாய்ந்து பறப்பதை நேராகப் பறப்பதாகவே உடல் நம்பும். மலையருகே தாழப் பறப்பவருக்குத் திருத்திக்கொள்ளக் கிடைப்பதோ சில விநாடிகள். அந்த மலைச்சரிவில் மேகம் இறங்குவதை விமானிக்கு முன்கூட்டியே சொல்ல என்ன ஏற்பாடு இருக்கிறது?