சொந்த வீட்டுக்கு வழி எது?

வெளியூர் சென்ற ஒருவர் தமது வீட்டு வாசற்காமிராவைக் கைப்பேசியில் பார்க்க விரும்புவதும், வீட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த தஸ்தாவேஜை எடுக்க விரும்புவதும் இக்காலத்தில் ஆடம்பரமல்ல. ஆயினும் மொபைல் பிராட்பேண்டையே வீட்டிற்கும் இன்டர்நெட்டாகக் கொண்ட குடும்பஸ்தர்கள் பலர், இது கைகூடாமல் திகைக்கின்றனர். ஐந்தாம் தலைமுறை அலைவரிசையின் மூலம் வீட்டுக்கு இணைப்புத் தரும் ஏர்ஃபைபர் சேவைகளை ஏர்டெல்லும் ஜியோவும் 2023-ல் துவக்கிய பின் இத்தகைய இல்லங்கள் பெருகியுள்ளன. ஆகவே இதைச் சிலருடைய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இடையூற்றுக்கு மூலகாரணம் விலாசப் பஞ்சமேயாம். ஐ.பி. நான்காம் பதிப்பில் அமையக்கூடிய எண்கள் ஏறக்குறைய 429 கோடிதான். அவற்றின் உலகப் பொதுக் களஞ்சியம் 2011 பிப்ரவரி 3-ந் தேதி காலியாயிற்று. எனவே மொபைல் கம்பெனிகள் ஒரே பொது எண்ணைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இவ்வேற்பாட்டிற்கென்றே 2012 ஏப்ரலில், 100.64 முதல் 100.127 வரை துவங்கும் சுமார் 42 லட்சம் எண்கள் தனியே ஒதுக்கப்பட்டன. தமது ரௌட்டருக்குக் கிடைத்துள்ள எண் இவ்வரிசையில் இருக்கக் காண்பவர், தமக்கெனப் பொது விலாசம் இல்லையென்று உணரலாம்.

சத்திரத்தில் தங்கியவர் வெளியே கடிதம் எழுதலாம். அதற்குப் பதிலும் வந்து சேரும். ஆனால் சத்திரத்தின் பெயருக்கு மட்டும் புதிதாக வரும் கடிதம் எந்த அறைக்குரியது என்பது காவற்காரனுக்குத் தெரியாது. மொபைல் சந்தாதாரரின் நிலையும் இதுவே. அவர் தமது ரௌட்டரில் எத்தனை கதவுகளைத் திறந்தாலும் பிரயோஜனமில்லை; அடைபட்டிருப்பது கம்பெனியின் தலைவாயில்.

காமிரா விற்கும் கம்பெனிகள் தங்கள் ஸர்வர் வழியாக வீட்டையும் கைப்பேசியையும் இணைத்துத் தருகின்றனவே என்று சிலர் கூறலாம். சௌகரியம் உண்டு, ஆனால் திறவுகோல் பிறர் கையில். அமெரிக்காவில் வீட்டு விளக்குகளையும் விசைகளையும் இயக்கும் சாதனங்களை விற்ற இன்ஸ்டியான் கம்பெனியின் ஸர்வர்கள், 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றன. விலை கொடுத்து வாங்கியவர்கள் தூரத்திலிருந்து தங்கள் சாதனங்களை இயக்க இயலாமற் போயிற்று. பின்னர் வேறு சிலர் அதை வாங்கி நடத்த முன்வந்ததால் சேவை மீண்டது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமென்று எதிர்பார்க்கலாகாது.

உடனடிப் பரிகாரம் ஒன்று உண்டு. பொது எண்ணுள்ள சிறிய ஸர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டு ரௌட்டரே அதனை அழைத்து, பூட்டிய சுரங்கப்பாதை போன்ற இணைப்பொன்றைத் திறந்து வைத்திருக்குமாறு செய்யலாம். கைப்பேசியும் அங்கே வந்து சேர்ந்தால் இரண்டும் சந்திக்கும். வயர்கார்டு என்னும் இலவசச் சாதனம் இதற்கு ஏற்றது. இருபத்தைந்து வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தி அனுப்பினால் வழி பொதுவாக அடைபடாதிருக்கும். எனினும் தம் வீட்டையடைய ஒருவர் மாதந்தோறும் வேறோர் இடத்திற்கு வாடகை செலுத்துவது நிரந்தரப் பரிகாரமாகாது.

நிரந்தரப் பரிகாரம் ஐ.பி. ஆறாம் பதிப்பு. அதில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி விலாசம் அளிக்கலாம். நமது தொலைத்தொடர்பு இலாகா இதற்கான திட்டத்தை 2010-லேயே வெளியிட்டது; அதைப் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியா இன்று முன்வரிசையில் நிற்கிறது. விலாசம் கொடுத்தும், கம்பெனியின் காவல் அரண் உள்வரும் அழைப்பைத் தடுக்குமாயின், கொடுத்ததன் பயன் பாதியாகிறது.

தடுப்பதற்கும் நியாயம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. 2016-ல் மிராய் என்னும் நச்சு நிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களோடு திறந்து கிடந்த காமிராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றி, பெரிய இணையச் சேவைகளையே முடக்கியது. ஆகவே கதவு இயல்பாக மூடியிருப்பதே க்ஷேமம். ஆனால் வீட்டுக்காரர் கேட்கும்போதும் திறக்க மறுப்பது பாதுகாப்பாகாது.

நாம் கோருவது இரண்டே. இணைப்பை விற்குமுன், வெளியிலிருந்து வீட்டை அடைய முடியுமா முடியாதா என்பதைச் சந்தாதாரருக்குத் தெளிவாக எழுத்தில் கூறவேண்டும். எச்சரிக்கையை அறிந்து, பொறுப்பை ஏற்று விண்ணப்பிப்பவருக்கு ஆறாம் பதிப்பின் வழியை நியாயமான நிபந்தனைகளுடன் திறந்துவிட வேண்டும். டிராய் இவ்விரண்டையும் பரிசீலித்து, கம்பெனிகளின் கடமையாக்குவது உசிதம். வாங்கியது ஒருவழிப் பாதை என்பதைப் பணம் கட்டிய பிறகு ஒருவர் கண்டறிய நேர்வது வியாபார நாணயத்திற்கு அழகன்று.