சரிவின் கணக்கு

ஒரு பொருள் எப்போது முறியும் என்னும் வினாவுக்கு அறிஞர் தந்த விடை ஒன்றன்று. வார்ப்பிரும்பு போல் திடீரென நொறுங்குவனவற்றுக்கு உச்ச இழுவைத் தகைப்பையே எல்லையாகக் கொண்டார் இராங்கின். இளகி நீளும் உருக்குக்கு, படைமேற் படை வழுக்கும் தகைப்பே காரணமென 1864இல் திரெஸ்கா கூறினார். உருவத்தைத் திரிக்கும் சத்தியை 1904இல் ஊபரும் 1913இல் மீசசும் அளவாக்கினர். எம் கல்லூரியிலிருந்து பொறியியற் பீடம் புகுவோர் இவற்றைக் கற்றுச் சுழற்றண்டுக்கும் கொதிகலனுக்கும் கணக்கிட்டுத் தேறுகின்றனர். நன்று. ஆயினும் இவை எல்லாவற்றினும் மூத்ததான கூலோமின் கொள்கையே சப்பிரகமுவைத் தோட்டங்களில் வாழும் எம்மவரின் உயிரோடு ஒட்டியது என்பது எம் கருத்து.

பிரெஞ்சுப் படைப் பொறியியலாளரான கூலோம் 1773இல் மண்ணின் உறுதியை இரண்டாகப் பிரித்தார்: துகள்களின் பிணைவு ஒன்று, மேலிருந்து அமுக்கும் பாரத்தால் எழும் உராய்வு மற்றொன்று. திரெஸ்காவின் உருக்குக்கு எப்பக்கமும் சமமாக அமுக்கும் அமுக்கம் பொருட்டன்று. மண்ணுக்கோ அமுக்கமே பிடிமானம். மழைநீர் துகள்களின் இடையிற் புகுந்து அப்பாரத்தில் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கிறது, பிடி தளர்கிறது. இதனை 1920களில் தெளிவாக்கியவர் தெர்சாகி. நனைந்த மலை கனக்கவுஞ் செய்கிறது, பிடியையும் இழக்கிறது.

2016 மே 17ஆம் நாள், அடைமழையின் பின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. மாண்டவரும் காணாமற் போனவரும் நூற்றுக்கு மேற்பட்டோர். அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயத்து வீடுகள் மண்ணுட் புதைந்தன. விதியென்று சொல்லி அமைதல் எளிது. எமக்கு அது ஒவ்வாது. மலை பெரும்பாலும் வார்ப்பிரும்பன்று, முன்னரே பேசும். நிலம் வெடிக்கும், கதவு இறுகும், மரம் சாயும், ஊற்று கலங்கும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவும் வகுத்துள்ளது.

நள்ளிரவில் வெளியேறென்றால் லயத்துக் குடும்பம் எங்கே போகும்? லயம் நிற்கும் இடத்தை அதில் வாழ்வோர் தெரிந்தாரல்லர். பாரந்தூக்கிக் கம்பி சுமையைப்போற் பன்மடங்கு உறுதியுடையதாயிருக்க வேண்டுமென விதிக்கும் நாம், லயத்தின் பின்னுள்ள சரிவு எத்தனை மடங்கு என்று கேட்டோமா?

தோட்டக் கந்தோர்களில் மழைமானி நெடுங்காலமாக உண்டு. கொழுந்தின் கணக்குக்காக வாசிக்கப்படுகிறது. லயந்தோறும் ஒன்று வைத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே வாசிக்கும். பொறியியலாளரான பழைய மாணவர் விடுமுறை நாட்களில் இன்றைய மாணவரை அழைத்துச் சென்று சரிவுகளை அளக்கலாம். அளவு மீறும் இரவில் திறக்கவேண்டிய பாடசாலையையோ கோயில் மண்டபத்தையோ நிருவாகத்தோடு பேசிக் குறித்து வைக்கலாம். அந்த மண்டபம் எந்தச் சரிவின் கீழ் நிற்கிறது என்பதை முதலிற் கணக்கிட்டுக்கொள்க.