பத்துக்குப் பத்து

நான் பி.காம். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. 2016-ல் ஒரு கம்பெனியில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தபோது அப்படித்தான் நாலு ராத்திரி தூக்கம் போனது.

வருஷாந்திர அப்ரைசல். அக்கவுண்ட்ஸில் எங்கள் எட்டுப் பேருக்கும் எங்கள் மேனேஜர் மார்க் போட்டார். பர்ச்சேஸுக்கு அவர்கள் மேனேஜர். எங்களவர் ஆறைத் தாண்டினால் சொந்தச் சொத்து கரைகிற மாதிரி துடிப்பார். அவரோ எட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இரண்டு பட்டியலையும் ஒன்றாக ஒட்டி, முதல் ஐந்து பேருக்கு மட்டும் இன்கிரிமென்ட் என்றார்கள். ஐந்து பேரும் பர்ச்சேஸ்! ஆறு மார்க் வாங்கி எங்கள் செக்‌ஷனில் முதலாவதாக வந்த எனக்கு மாசம் 1,200 ரூபாய் போச்சு.

அவர்கள் கெட்டிக்காரர்களா, இல்லை அவர் தாராளமா?

டென்மார்க்கில் கியோர்க் ராஷ் என்றொரு கணித நிபுணர் இருந்தார். 1960-ல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது ராஷ் அளவீடு. ஆள் எவ்வளவு கெட்டி, கேள்வி எவ்வளவு கஷ்டம் என்று தனித்தனியே பிரித்துவிடும். மார்க் போடுகிறவரின் கறார்த்தனத்தையும் பிரிக்கப் பின்னால் வந்தவர்கள் வழி செய்தார்கள். ஆனால் ஒரு கண்டிஷன். மார்க்குகள் ஒன்றோடொன்று தொடர்போடு இருக்கவேண்டும்.

சரிபார்க்க ஒரு பேப்பர் போதும். எல்லார் பேரையும் எழுதி, யாருக்கு யார் மார்க் போட்டாரோ கோடு இழுங்கள். ஒரு பேரில் பென்சிலை வைத்து, கோட்டின் மேலேயே போய் மற்ற எல்லாரையும் தொட முடிகிறதா? பாஸ். முடியாவிட்டால் அது இரண்டு தீவு. இந்தத் தீவு ஆளையும் அந்தத் தீவு ஆளையும் ஒப்பிட எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது.

இழுத்துப் பார்த்தேன். அட, ஒரு பாலம் இருந்தது! எங்கள் அட்டெண்டர் அண்ணன். இரண்டு மேனேஜரும் அவருக்கு மார்க் போட்டிருந்தார்கள். இங்கே ஐந்து, அங்கே ஏழு என்றிருந்தால் சுமாராக ஒரு பிடி கிடைத்திருக்கும். (ஒரே ஆளை நம்புவது கயிற்றுப் பாலம்தான், இருந்தாலும்.) அண்ணனோ இரண்டு பக்கமும் பத்துக்குப் பத்து! டீ விஷயத்தில் எங்களவரும் வள்ளல். பத்துக்கு மேல் இடம் இருந்திருந்தால் ஒருத்தர் பன்னிரண்டுகூடப் போட்டிருப்பார், யார் கண்டது? முழு மார்க் என்றால் இருவரில் யார் கறார் என்றே தெரியாது. பாலம் பேப்பரில் மட்டும்தான்.

ஜி.எம்.மிடம் போனேன். "சார், ரெண்டு மேனேஜரும் அந்தப் பக்கத்து ஆளுங்க மூணு பேருக்கும் சேர்த்து மார்க் போடட்டும் சார்."

அடுத்த வருஷம் அப்படியே செய்தார்கள். எங்களவர் பர்ச்சேஸ் மூன்று பேருக்கும் ஐந்தைத் தாண்டவில்லை. வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்ததில் எங்கள் செக்‌ஷனில் இரண்டு பேருக்கு இன்கிரிமென்ட்.

நான் ஆறாவது.

பர்ச்சேஸ்காரர்கள் மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. அண்ணன் மட்டும் டீ கொடுத்தார்.