உள்ளூர்க்காரன் யார்?

கல்லூரி ஹாக்கி அணிக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதா, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே இடம் கொடுப்பதா? இந்தச் சர்ச்சை அடிக்கடி கிளம்புகிறது. வெளியாள் வந்தால் தரம் உயரும் என்கிறது ஒரு தரப்பு, நம்மவன் வாய்ப்பு பறிபோகும் என்கிறது மறுதரப்பு. நாம் கேட்பது வேறு. பட்டர்வொர்த்திலும் ஜெலுத்தோங்கிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையனை இவர்கள் எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

1975 கோலாலம்பூர் உலகக் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 2-3 என்று தோற்று, மலேசியா நான்காவது இடம் பெற்றது. அதற்கு மேல் இந்த நாடு ஏறியதே இல்லை. அணித்தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். அவருடன் மகேந்திரன், பூன் ஃபூக் லோக், கோல் காவலர் கைருடின் சைனால். அன்று யாரும் இன விகிதம் பேசவில்லை. ஆடத் தெரிந்தவன் ஆடினான்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஆட்டம் செயற்கைத் தளத்துக்கு மாறியது. பள்ளித் திடலிலும் தோட்டத்துத் திடலிலும் ஆடிப் பழகியவனுக்கு அன்றே பாதி வாசல் அடைபட்டது. இன்று விளையாட்டுப் பள்ளி, பல்கலைக்கழக அணி என்று போனால்தான் மேலே வர முடிகிறது. மலேசிய ஹாக்கி லீக்கில் யூனிகேஎல், யுஐடிஎம் அணிகளும் களமிறங்கியிருக்கின்றன. அதே லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் ஆடியிருக்கிறார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் யுஐடிஎம்மில் டிப்ளோமாவும் இளங்கலையும் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. நம் பையன் மட்டையைத் தொடுவதற்கு முன்பே விண்ணப்பத்தில் தோற்றுவிடுகிறான்! 2008-இல் அன்றைய சிலாங்கூர் மந்திரி பெசார் காலிட் இப்ராஹிம் 10 விழுக்காட்டு இடத்தைத் திறக்கலாம் என்றார். மாணவர்கள் ஷா ஆலமில் ஊர்வலம் போனார்கள். 2024-இல் இருதய அறுவை சிகிச்சை மேற்படிப்புக்கு மட்டுமாவது திறக்கலாம் என்ற யோசனைக்கும் அதே எதிர்ப்புதான்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசாங்கக் கல்வி நிலையங்களில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அரசியலமைப்பின் 12-வது பிரிவு. அதற்கு விலக்கு 153-வது பிரிவு. 1971-இல் அதில் சேர்க்கப்பட்ட 8ஏ உட்பிரிவு, உயர்கல்வி இடங்களில் ஒரு விகிதத்தை ஒதுக்க அனுமதிக்கிறது. விகிதம் என்றால் ஒரு பங்கு. கதவை முழுக்கச் சாத்துவது எப்படி ஒரு பங்காகும்? இதற்கு எந்த அமைச்சரும் நேராகப் பதில் சொன்னதை நான் கேட்டதில்லை.

அணித் தேர்வுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்ற கணக்கைப் பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு விளையாட்டுப் பள்ளியும் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

பெற்றோர்களே, பிறை தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, பிள்ளையை மிண்டனில் யுஎஸ்எம் ஹாக்கி தளத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போகும் உங்கள் களைப்பு நமக்குத் தெரியும். ஆனாலும் மாவட்ட, மாநில, எம்எஸ்எஸ்எம் சான்றிதழ் ஒன்றையும் தொலைக்காதீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தில் ஹாக்கியும் சேரும். இடம் கிடைக்கவில்லையென்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் கடிதத்தின் நகலோடு எங்களிடம் வாருங்கள்.