உருவம் ஒன்று... உள்ளே வேறு!

சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பால் வராது. பெயரில் இரண்டும் கள்ளிதான். ஆனால், குடும்பம் வேறு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி மட்டுமே இவற்றில் உண்மையான ‘கேக்டஸ்’.

கேக்டஸ் குடும்பத்துக்குள்ளேயும் இப்படி ஒரு குழப்பம், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் விஞ்ஞானிகளைச் சுற்றவிட்டது.

மெக்சிகோவின் வறண்ட நிலங்களில் வளரும் பெயோட்டே, முள் இல்லாத, பொத்தான் போன்ற குட்டிக் கள்ளி. வீச்சோல் பழங்குடியினருக்கு அது புனிதச் செடி. ஜெர்மானிய ஆய்வாளர் ஆர்தர் ஹெஃப்டர் அதில் உள்ள ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். காபியில் இருக்கும் காஃபீன், புகையிலையில் இருக்கும் நிகோடின் எல்லாம் இந்த வகை ரசாயனங்கள்தான்.

அவருக்குக் கிடைத்த ஒரு வகைச் செடியில் இருந்தது பெல்லோட்டின். அது தூக்கத்தை வரவழைப்பது. இன்னொரு வகையில் மெஸ்கலின் இருந்தது. 1897-ல் அதைத் தானே உட்கொண்ட ஹெஃப்டர், கண்முன் வண்ணக் காட்சிகள் தோன்றக் காரணம் மெஸ்கலின்தான் என உறுதிசெய்தார்.

ஒரே செடியில் இரண்டு குணமா? ‘இரண்டும் ஒரே இனம்தான்’ என்றனர் தாவரவியலாளர்கள் பலர். உருவத்தை வைத்துப் பிரிப்பது அவ்வளவு கஷ்டம்!

முடிச்சு அவிழப் பல பத்தாண்டுகள் ஆயின. மெக்சிகோவின் கெரேட்டாரோ பகுதியில் மட்டும் வளரும் மஞ்சள் கலந்த பச்சைக் கள்ளியை, 1967-ல் தனி இனமாக அறிவித்தார் மெக்சிகோ தாவரவியலாளர் ஹெலியா பிராவோ. பெயர், லோஃபோஃபோரா டிஃப்யூசா. நீலம் கலந்த பச்சையில், தெளிவான வரிமேடுகளுடன் இருக்கும் பெயோட்டே, லோஃபோஃபோரா வில்லியம்சி. அடுத்து வந்த ரசாயனப் பரிசோதனைகளும் இதற்குப் பொருந்தின. டிஃப்யூசாவில் இருப்பது பெரும்பாலும் பெல்லோட்டின். மெஸ்கலின் இல்லை, அல்லது மிகச் சொற்பம். ஹெஃப்டரிடம் அன்று இரண்டு இனங்களும் கலந்து வந்திருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வாளர்கள் விளக்கினர்.

அப்படியானால், ரசாயனத்தை மட்டும் பார்த்தே இனம் பிரித்துவிடலாமா? முடியாது. ஆண்டீஸ் மலைப்பகுதியில் ஆள் உயரத்துக்கும் மேல் தூண்போல வளரும் சான் பெட்ரோ கள்ளியிலும் மெஸ்கலின் உண்டு. ஆனால், பெயோட்டேவுக்கு அது நெருங்கிய சொந்தம் இல்லை. தனித்தனிக் கிளைகளில் ஒரே ரசாயனம் உருவாவது இயற்கையில் சகஜம்.

அதனால்தான் விஞ்ஞானிகள் பூ, விதை, வளரும் இடம், மரபணு என எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ரசாயனம் நல்ல சாட்சி. ஆனால், ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதே!